விஷத்தை வாயால் உறிஞ்சி எடுக்க முடியாது

பாம்பு கடித்த இடத்தைப் பிளேடால் கீறி, வாயால் விஷத்தை உறிஞ்சித் துப்பினால் உயிர் பிழைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியல்ல.

சினிமாவில் கதாநாயகன் மூன்று முறை உறிஞ்சித் துப்புவார், அடுத்த காட்சியில் நாயகி கண் விழிப்பார். நானும் சிறுவயதில் நம்பியவன்தான். உண்மையில், பல்லின் வழியாகத் தசைக்குள் இறங்கிய விஷம் அங்கேயே தேங்கி நிற்பதில்லை. 2004இல் அமெரிக்காவில் தன்னார்வலர்களின் காலில் தீங்கற்ற போலி விஷத்தைச் செலுத்தி, உறிஞ்சும் கருவியால் எடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்தது சராசரியாக 0.04 சதவீதம். கருவிக்கே அவ்வளவுதான் என்றால் வாய்க்கு எவ்வளவு வரும்? கீறுவது அதைவிட ஆபத்து: கண்ணாடிவிரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது, கீறிய காயம் நிற்காமல் கசியும்.

செய்ய வேண்டியது, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோவது. 108ஐ அழைக்கலாம்.

என் சொல்லை நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்காக 2016இல் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் முதலுதவிப் பகுதியைப் பாருங்கள். அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் கேளுங்கள்.