முட்டோவை நிறுத்தியது வயதல்ல, மூட்டு

ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்த வீரர் கெய்ஜி முட்டோ 2023 பிப்ரவரி 21-இல் டோக்கியோ டோமில் மல்யுத்தத்திலிருந்து விடைபெற்றதற்கு வயதுதான் காரணம் என்கிறது ஒரு கட்டுரை. 58 வயதில் நோவா என்ற மல்யுத்த நிறுவனத்தின் ஜிஎச்சி சாம்பியன் பட்டத்தை வென்றவர் அவர்! மூட்டுதான் நிறுத்தியது. மூன்சால்ட், அதாவது மேல் கயிற்றில் ஏறிப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துப் பாய்வது, போடும்போது நெஞ்சும் வயிறும் எதிராளி மேல் விழும். முழங்கால்களோ தரையில் இடிக்கும். மெல்லிய மெத்தைக்கு அடியில் இருப்பது பலகைதானே. 2001-இல் அவர் கொண்டுவந்த ஷைனிங் விசார்ட் என்ற அடியில் அந்த உயரம் இல்லை: மண்டியிட்டவரின் தொடையில் ஒரு காலை ஊன்றி ஏறி, மறுகாலின் முழங்காலால் தலையில் ஓர் இடி. 2018-இல் இரண்டு முழங்காலிலும் செயற்கை மூட்டு வைத்தபின் மூன்சால்ட்டே கூடாது என்றார்கள் டாக்டர்கள். மனுஷன் கேட்டாரா? 2021 ஜூனில் எதிராளி மருஃபுஜிமேல் அதையே போட்டார். அந்த ஆட்டத்திலேயே பட்டமும் போனது. கடைசியில் இடுப்பு மூட்டும் கைவிட்டது.