தொட்டி விளக்கு இரவெல்லாம் எரிய வேண்டுமா?

‘மீன் தொட்டி விளக்கை அணைக்காதீர்கள், செடி வேகமாக வளரும், மீன் பயப்படாது’ என்றொரு வாட்ஸ்அப் செய்தி சென்னையில் சுற்றுகிறது. சுத்தப் பொய்.

மீனுக்கு இமை கிடையாது. இருட்டினால்தான் அதற்கு ஓய்வு. செடிக்கோ ஒளி மட்டும் போதாது. நீரில் கரியமில வாயுவும் சத்தும் குறைந்ததும், மிஞ்சும் வெளிச்சத்தில் கொழுப்பது பாசிதான். கண்ணாடியில் பச்சைப் படலம், இலை விளிம்பில் கறுப்பு நூல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் தாராளம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீன் வாங்கும்போதே, விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் ஒரு டைமரும் வாங்கிவிடுங்கள். முள் சுழலும் வகை என்றால், மின்சாரம் போய் வந்ததும் நேரத்தைத் திருத்தி வைக்க வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி இருந்தால் டைமரும் உதவாது, இடத்தை மாற்றுங்கள்.