கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும், பழுதை நீக்காது

கம்பத்திலிருந்து குமுளி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது: ‘2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்ஜினில் சத்தம் வந்தால் கெட்டியான ஆயில் ஊற்றுங்கள், பிரிக்கவே வேண்டாம்.’ இது தவறு. சத்தம் அமுங்கும், இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். மலைக்குளிரில் அந்த ஆயில் மேலேறவும் தாமதமாகும்.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் பெல்ட்டுக்கு விலகி நின்று, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். மேல்மூடியில் ‘டிக் டிக்’ என்றால் பெரும்பாலும் டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) இடைவெளிதான். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்துவிடலாம். பயப்பட வேண்டியது அடியிலிருந்து வரும் ‘டொக் டொக்’. ஏற்றத்தில் அது கூடினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மேலும் ஓட்டினால் பேரிங் தாங்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டும் கீறிவிடும்.