‘மோனின்’ ஆர்ட் பிளேக்கி எழுதியதா?

ப்ளூஸ், தேவாலய இசைச் சாயல் கொண்ட ஹார்ட் பாப் (hard bop) வகை ஜாஸின் அடையாளமாகிவிட்ட ‘மோனின்’ என்ற உருப்படி டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் படைப்பு என்று பகிரப்பட்டு வருகிறது. தவறு. எழுதியவர் அவருடைய ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவின் பியானோ கலைஞர் பாபி டிம்மன்ஸ். அது இடம்பெற்ற ஆல்பத்தின் உறையில் இருப்பது பிளேக்கியின் முகம். குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

தொடக்கத்தைக் கேளுங்கள்: பியானோ ஒரு வரியைச் சொல்ல, லீ மார்கனின் ட்ரம்பெட்டும் பென்னி கோல்சனின் சாக்ஸபோனும் தேவாலயத்தில் சபையார் ‘ஆமென்’ சொல்வதுபோல் இரண்டே சுரங்களில் பதில் தருகின்றன. டிம்மன்ஸிடம் முதலில் இருந்தது இந்தத் துண்டு மட்டும்தான். நடுப்பகுதியையும் எழுதி முடிக்கத் தூண்டியவர் கோல்சன்.

1958 அக்டோபர் 30 அன்று பதிவான அந்த ஆல்பத்தின் ஆறு உருப்படிகளில் நான்கு கோல்சனுடையவை. பிளேக்கி எழுதியது ஒன்றுகூட இல்லை. குழுவைக் கட்டி மேய்த்ததும், இளைஞர்களை முன்னால் நிறுத்தியதும்தான் அவர் பங்கு (மார்கனுக்கு அப்போது 20 வயது).