டோஸ்ட் மேல் பயறு இல்லையென்றால் அது காலை உணவு இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவகாடோ ரசிகர்களுக்கு இந்தப் பதிவு கொஞ்சம் கசக்கும்.

பால், முட்டை, வெண்ணெய் எதுவும் சேர்க்காமல் காலையில் சட்டென்று ஒரு டோஸ்ட் செய்யலாம் என்று தேடிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது மசித்த அவகாடோதான். மரப்பலகை, ஜன்னல் வெளிச்சம், மேலே நாலு எள், ஓரமாக ஒரு முள்ளங்கி வில்லை. பார்க்க அழகு. சாப்பிட்டாலும் ருசிதான், அதில் எனக்குச் சண்டை கிடையாது. அதைச் "சத்து நிறைந்த முழுமையான காலை உணவு" என்று எழுதும்போதுதான் கை பரபரக்கிறது.

ஒரு அவகாடோவில் பாதியை எடுத்து மசித்தால் கிடைக்கும் புரதம் சுமார் ஒன்றரை கிராம். நல்ல கொழுப்பு இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, ஃபோலேட்டும் பொட்டாசியமும் இருக்கின்றன, எல்லாம் சரி. ஆனால் வழக்கமான டோஸ்ட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவிட்டால் 6 கிராம் புரதம் போய்விடுகிறது. அந்தக் காலி இடத்தில் ஒன்றரை கிராமை வைத்துவிட்டு ஈடு கட்டிவிட்டதாகச் சொன்னால் கணக்கு இடிக்கிறதே. பத்தரை மணிக்கே வயிறு கூப்பிட ஆரம்பித்துவிடும். அப்புறம் கையில் கிடைக்கும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, "தாவர உணவு எனக்கு ஒத்துவரவில்லை" என்று பழியை அதன் தலையில் போடுவார்கள். ஒத்துவராதது தாவர உணவு இல்லை, அந்த டோஸ்ட்.

என் கட்சி இதுதான்: டோஸ்ட்டைக் காலை உணவாக ஆக்குவது அதன் மேல் இருக்கும் பயறு. கொண்டைக்கடலை, பட்டாணி, வெள்ளை பீன்ஸ், மசூர் பருப்பு, சோயாவிலிருந்து வரும் டோஃபு, வேர்க்கடலை, இதில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

இதற்குக் காரணம் புரதத்தின் அளவு மட்டும் இல்லை. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் லைசின் தாராளம், அவற்றில் குறைவது மெதியோனின். கோதுமையில் மெதியோனினுக்குப் பஞ்சம் இல்லை. ஆக ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது. ஒரே வேளையில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒரு காலத்தில் அழுத்திச் சொன்னார்கள். அது தேவையில்லை, நாள் முழுவதும் சாப்பிடுவதில் கலந்து வந்தால் போதும் என்பதுதான் இப்போதைய கருத்து. இருந்தாலும் ஒரே தட்டில் தானாகச் சேரும்போது வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

நான் அதிகம் செய்வது கொண்டைக்கடலை டோஸ்ட். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் கெடுப்பது இங்கேதான்.

முதல் நாள் இரவு கடலையை ஊறப்போட்டு மறுநாள் குழைய வேகவைக்க வேண்டும். சுண்டலுக்கு வேகவைப்பதுபோல விறைப்பாக எடுத்தால் மசியாது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் நசுங்கிவிட வேண்டும், அதுதான் பதம். ஒரு ஆளுக்கு வெந்த கடலை அரை கப். மிக்ஸியில் போட வேண்டாம், அதைக் கழுவும் நேரத்தில் டோஸ்ட்டே முடிந்துவிடும். முள்கரண்டியின் முதுகால் மசித்தால் போதும். பாதி விழுதாகவும் பாதி உடைந்த துண்டுகளாகவும் இருந்தால்தான் பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும்.

அப்புறம் எள் விழுது, தஹினி என்று பாட்டிலில் வருகிறதே, அது ஒரு மேசைக்கரண்டி. அதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தால் முதலில் திரிந்துபோனதுபோல இறுகிக்கொள்ளும். பயந்து கொட்டிவிடாதீர்கள். கடலை வெந்த தண்ணீரை ஒரு ஸ்பூன் விட்டு வேகமாக அடியுங்கள். இளகும், நிறம் வெளுக்கும், க்ரீம் மாதிரி வழுவழுப்பாக வரும். அதை மசித்த கடலையோடு சேர்த்து உப்பு, மிளகுத்தூள், கால் பல் பூண்டு துருவிப் போட்டால் முடிந்தது. முழுப் பல் பூண்டு வேண்டாம். பச்சைப் பூண்டு காலையில் அதிகமானால் மதியம் வரை கூடவே வரும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். முழுக்கோதுமை பிரெட் இரண்டு துண்டில் ஏறக்குறைய 7 முதல் 8 கிராம் புரதம். அரை கப் கடலையில் 7 கிராம். எள் விழுதில் இரண்டு, இரண்டரை. கூட்டினால் 16, 17 கிராம் வருகிறது. பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 48 கிராம். காலையிலேயே மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டது. நார்ச்சத்தும் 10 கிராமைத் தொட்டுவிடும். பெரியவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"காலையில் யாருக்கு ஐயா இதற்கெல்லாம் நேரம்?" என்று கேட்பீர்கள். காலையில் செய்யச் சொல்லவே இல்லையே. ஐந்து நிமிட டோஸ்ட் என்று யாராவது சொன்னால், அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் ஒரு குக்கர் இருக்கிறது. மசித்த கடலையை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாராளமாக நிற்கும். வெந்த கடலையை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டால் வாரக்கணக்கில் கவலை இல்லை. டின்னில் வரும் கடலையையும் தாராளமாக வாங்கலாம். தண்ணீரை வடித்து, குழாயடியில் நன்றாக அலசிவிட்டுப் பயன்படுத்தினால் உப்பு கணிசமாகக் குறைந்துவிடும்.

அடுத்தது பிரெட். உறையின் முன்பக்கம் இருப்பது விளம்பரம், திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானங்கள் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கும். முதல் பெயர் முழுக்கோதுமை மாவாக இருக்க வேண்டும். மைதா முதலில் வந்து, கடைசியில் எங்கோ கேரமல் நிறம் என்று இருந்தால் அது சாயம் பூசிய வெள்ளை பிரெட். "மல்டிகிரெய்ன்" என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். பல தானியம் இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள், முழுத் தானியம் என்று இல்லை. தாவர உணவு மட்டும் எடுப்பவர்கள் பால் பவுடர், வே (பால் திரிந்தபின் வடியும் நீரிலிருந்து எடுப்பது), தேன், வெண்ணெய் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. பிரெட்டில் என்ன பால் இருக்கப்போகிறது என்று நினைப்போம், பலவற்றில் இருக்கும்.

தயவுசெய்து பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ரொட்டி பழசாவது ஈரம் காய்ந்துபோவதால் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். காற்றுப் புகாமல் மூடி, ஈரம் போகாமல் வைத்த ரொட்டியும் பழசாகிறது என்று பிரான்ஸைச் சேர்ந்த வேதியியலாளர் பூசிங்கோ 1852-லேயே காட்டிவிட்டார். காரணம் மாவுச்சத்து. வெந்தபோது குலைந்த அதன் அமைப்பு, ஆறியபின் மெல்ல மெல்ல மறுபடி இறுகுகிறது. ஃப்ரிட்ஜின் குளிரில் அந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். ஃப்ரீசரின் உறைகுளிரில் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் வாங்கியதும் இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மிச்சத்தை ஃப்ரீசரில் போடுங்கள். துண்டு துண்டாக எடுத்து, உருக விடாமல் அப்படியே டோஸ்டரில் போடலாம். சூடு ஏறும்போது இறுகிய மாவுச்சத்து மறுபடி இளகுவதால் புதுசு மாதிரியே இருக்கும்.

டோஸ்டர் இல்லையென்றால் தவா போதும். எண்ணெய்கூட வேண்டாம். மிதமான தீயில் பொறுமையாக இரண்டு பக்கமும் பொன்னிறம் வரும்வரை வாட்டுங்கள், கறுக்க விடாதீர்கள். அந்தப் பொன்னிறமும் மணமும் மெயில்லார்டு வினையால் வருபவை, மாவில் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து செய்யும் வேலை. அதே வழியில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் உருவாகிறது. உணவில் அது இருப்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூட விலங்குகளில் அது புற்றுநோய் உண்டாக்கியிருக்கிறது. ஒரு டோஸ்ட் கருகிவிட்டதே என்று பதறத் தேவையில்லை. தினமும் கருக்கிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடலாம், அவ்வளவுதான்.

வாட்டி எடுத்ததும் தட்டில் படுக்கப் போடாமல் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துங்கள். படுக்கப் போட்டால் வெளியே வரும் ஆவி அடியில் தங்கி நமத்துவிடும். அரை நிமிடம் நின்றாலே மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே வீட்டில் எனக்குக் கெட்ட பெயர், பரவாயில்லை.

மேலே என்ன வைப்பது? நான் விடாப்பிடியாகச் சொல்வது தக்காளி அல்லது குடைமிளகாய், ஏதாவது ஒன்று பச்சையாக. கடலையிலும் முழுக்கோதுமையிலும் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் தாவரங்களில் இருக்கும் இரும்பை உடல் லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி சேர்ந்தால் எடுத்துக்கொள்வது கூடும். எலுமிச்சைச் சாறு ருசிக்கு மட்டும் இல்லை, இந்த வேலைக்கும்தான். டீயும் காபியும் இதற்கு நேர் எதிர், அவற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டோஸ்ட்டும் டீயும் ஜோடி என்று பழகிப்போனவர்களிடம் இதைச் சொன்னால் முறைப்பார்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றுதான் சொல்கிறேன், குடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

விதைகள் தூவும் கலாச்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. முழு ஆளி விதையைத் தூவிவிட்டு ஒமேகா-3 கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதன் தோல் கெட்டி, பெரும்பாலும் போன வழியே அப்படியே வெளியே வந்துவிடும். பொடித்துச் சேர்த்தால்தான் பயன். படத்துக்கு முழு விதை அழகு, உடம்புக்குப் பொடி.

கடலை வேகவைக்கும் பொறுமை அறவே இல்லாதவர்களுக்கு பீனட் பட்டர் இருக்கிறது. வேர்க்கடலையும் தாவரவியல்படி பயறுக் குடும்பம்தான், எனவே என் விதிக்குள் வருகிறது. இரண்டு மேசைக்கரண்டியில் 7 கிராம் புரதம். ஆனால் கூடவே 190 கலோரி அளவுக்கு வருவதால் பாட்டிலோடு உட்கார்ந்துவிடக் கூடாது. சேர்மானத்தில் வேர்க்கடலையும் உப்பும் மட்டும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் அது கெட்டுப்போனது இல்லை, கலக்கிவிட்டால் சரி. மேலே வாழைப்பழ வில்லைகள், ஆளி விதைப் பொடி ஒரு ஸ்பூன். இனிப்பு வேண்டும் என்பவர்களுக்கு இதுவே போதும். ஜாம் தடவியதைக் கேட்காதீர்கள், அது மிட்டாய்.

அவகாடோவை ஒரேயடியாகத் தள்ளிவைத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கடலையோடு எள் விழுதுக்குப் பதிலாகக் கால் அவகாடோவைச் சேர்த்து மசித்துப் பாருங்கள். வழுவழுப்பு வந்துவிடும், புரதமும் கிடைக்கும், பழம் அரைவாசி செலவில் முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் எந்த டோஸ்ட்டாலும் தர முடியாது, அது வைட்டமின் பி12. பயறும் தராது, பிரெட்டும் தராது. விலங்கு உணவை முழுதாக விட்டவர்கள் பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ எடுத்தே ஆக வேண்டும். இதில் "இயற்கையாகவே கிடைக்கும்" என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊறப்போட மறந்துவிட்டீர்கள், பீனட் பட்டர் பாட்டிலும் காலி என்றால், ஃப்ரீசரில் பச்சைப் பட்டாணி இருக்கிறதா பாருங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டு இரண்டு நிமிடம். வடித்து, நாலு புதினா இலை கிள்ளிப்போட்டு, எலுமிச்சை பிழிந்து, உப்பு, மிளகு சேர்த்து மசியுங்கள். புரதம் கடலையைவிடக் குறைவுதான், அதனால் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டி மேலே தாராளமாகப் போடுங்கள். பிரெட் இரண்டு பக்கமும் சிவப்பதற்குள் இது தயாராகிவிடும்.