சயனைடு தங்கத்தைச் சுத்திகரிப்பதில்லை

"சுரங்கத்திலேயே சயனைடு போட்டுச் சுத்தம் செய்துவிடுவதால் அங்கிருந்து வருவதே 24 கேரட் தங்கம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. நிறையப் பேர் இதை நம்புவதால்தான் சொல்கிறேன்.

சயனைடின் வேலை கரைப்பது மட்டும்தான். அரைத்த தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைசலுக்குள் இழுக்கும். வெள்ளி, செம்பு எல்லாம் கூடவே கரைந்து வரும். கரைசலில் இருக்கும் தங்கத்தைக் கிளர்வுற்ற கரி (நுண்துளைகள் நிறைந்த கரி) பிடித்துக்கொள்ளும். அப்புறம் அதைக் கரியிலிருந்து பிரித்து, மின்பகுப்பில் (கரைசலில் மின்சாரம் பாய்ச்சி) படியவைத்து, கசடைப் பிரிக்க வெண்காரம் போன்ற இளக்கி சேர்த்து உருக்கி வார்ப்பார்கள். அந்தக் கட்டிதான் டோரே, அதாவது வெள்ளியும் செம்பும் இன்னும் கலந்திருக்கும் தங்கம். வெள்ளி அதிகமிருந்தால் பொன்னிறமே தெரியாமல் வெளிறிக் கிடக்கும்.

சுத்திகரிப்பு அதற்குப் பிறகுதான், பெரும்பாலும் வேறொரு ஆலையில். மில்லர் முறையில் உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயுவைச் செலுத்துவார்கள். வெள்ளியும் செம்பும் குளோரைடாகி மேலே மிதக்கும், துத்தநாகம் போன்றவை ஆவியாகிவிடும். தங்கம் அந்த வெப்பத்தில் குளோரினோடு நிலைத்துச் சேராது. இப்படிக் கிடைப்பது சுமார் 99.5 சதவீதத் தூய்மை. பிளாட்டினம் இருந்தால் குளோரினுக்கு அசையாது, தங்கத்தோடே தங்கிவிடும். அதையும் நீக்கி 99.99 எட்ட வோல்வில் முறை என்கிற இன்னொரு மின்பகுப்பு வேண்டும்.