அந்த அலைக்குறியில் என்ன பிழை?

கணக்குத் தேர்வின் விடைத்தாள் நேற்றுக் கைக்கு வந்தது. வட்டத்தின் பரப்பளவைக் காணும் கணக்கில் அரை மதிப்பெண் குறைந்திருந்தது. விடை சரியாக இருந்தது, வழிமுறை சரியாக இருந்தது, அலகையும் மறக்காமல் எழுதியிருந்தேன். எதற்காகக் குறைத்தார்கள் என்று வரிவரியாகத் தேடியபோதுதான் அதைக் கண்டேன். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணான பைக்கும் (π) 22/7-க்கும் நடுவே, ஏறக்குறையச் சமம் என்பதைக் காட்டும் இரண்டு அலைக்கோடுகளை இட்டிருந்தேன். அவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே இரண்டு நேர்க்கோடுகளைப் போட்டுச் சமக்குறியாகத் திருத்தியிருக்கிறார்கள். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் தட்டுப்படும் அளவுக்குப் பேனாவை அழுத்தியிருக்கிறார்கள்.

போன அரை மதிப்பெண் போகட்டும். சரியாக எழுதிய ஒன்றைத் தவறாக மாற்றிவிட்டு, அதற்குத் திருத்தம் என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பாடநூலிலேயே விகிதமுறா எண்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாத எண்ணே விகிதமுறா எண் என்று வரையறுத்து, அதற்கு எடுத்துக்காட்டாகப் பையையே அந்தப் பாடம் தருகிறது. சில பாடங்கள் தள்ளி, அதே நூல் பை என்பது 22/7-க்குச் சமம் என்று அச்சிட்டிருக்கிறது. 22 முழு எண், 7 முழு எண். அப்படியானால் இந்த இரண்டு பக்கங்களில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்? இதை வகுப்பில் எழுந்து கேட்டேன். "கொடுத்ததை வைத்துக் கணக்கைப் போடு. இதெல்லாம் தேர்வுக்கு வராது. உட்கார்" என்றார்கள். பின்வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன், கேள்வி உட்காரவில்லை.

அன்று மாலை நூலகத்தில் தேடியபோது ஒரு மணி நேரத்துக்குள் விடை கிடைத்தது. 22-ஐ 7-ஆல் வகுத்தால் 3.142857 என்று வந்து, அந்த ஆறு தசம இலக்கங்களே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். பையோ 3.14159 என்று தொடங்கி எந்த இடத்திலும் அப்படிச் சுழலாமல் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஆர்க்கிமிடீசு 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அமைத்துப் பார்த்து, பை 223/71-ஐ விடப் பெரியது, 22/7-ஐ விடச் சிறியது என்று நிறுவினார். அதாவது பை இந்த அளவைத் தாண்டாது என்று சொல்வதற்காக அவர் வைத்த எல்லையே 22/7. ஆரியபட்டரோ, விட்டம் 20000 என்றால் சுற்றளவு 62832 என்று கணக்கைச் சொல்லிவிட்டு, "ஆசன்ன" என்ற ஒரு சொல்லையும் சேர்த்திருக்கிறார். நெருங்கியது என்பது அதன் பொருள். அதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் அவர் அவ்வளவு கவனமாக இட்டுவைத்த அலைக்குறியைத்தான் என் தாளில் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள். பை விகிதமுறா எண் என்பதை லாம்பர்ட் என்ற கணித அறிஞர் 1761-இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியும் விட்டார். இன்னமும் சமக்குறியைப் போட்டால்தான் முழு மதிப்பெண் என்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்விக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அலைநீளம் குறைந்த ஒளி காற்றில் அதிகமாகச் சிதறுகிறது, ஆகவே வானம் நீலம் என்று எழுதினால் 2 மதிப்பெண் உண்டு. நீலத்தைவிட ஊதாவுக்கு அலைநீளம் இன்னும் குறைவு. அப்படியானால் வானம் ஊதாவாக அல்லவா தெரிய வேண்டும்? சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு நீலத்தைவிடக் குறைவு, நம் கண்ணும் ஊதாவை நீலத்தைப் போல அவ்வளவு கூர்மையாக உணர்வதில்லை என்பது இதற்கான விடை. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. "நீலம் என்று எழுதினால் போதும்" என்ற பதிலுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தானே ஆனது!

எரஸ்டோ எம்பெம்பா என்ற மாணவரின் கதையைப் படித்ததிலிருந்து என் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. 1963-இல், இன்றைய தான்சானியாவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவர், ஐஸ்கிரீம் செய்வதற்காகக் காய்ச்சிய பாலை ஆறவிடாமல் சூடாகவே உறைபெட்டியில் வைத்தார். இன்னொரு மாணவர் காய்ச்சாமலே வைத்த பாலுக்கு முன்பே அது உறைந்திருந்தது. காரணம் கேட்டபோது, நீ குழம்பிப்போயிருக்கிறாய் என்றார் ஆசிரியர். மேல்வகுப்புக்குப் போய் மறுபடியும் கேட்டபோது, அது உலகத்தின் இயற்பியல் இல்லை, எம்பெம்பாவின் இயற்பியல் என்ற கேலி கிடைத்தது. அதன் பிறகு அவர் எந்தக் கணக்கில் தவறினாலும் வகுப்பே அந்தக் கேலியைச் சொல்லிச் சிரித்தது. சொற்பொழிவாற்ற அந்தப் பள்ளிக்கு வந்த டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பேராசிரியரிடமும் அவர் அதே கேள்வியைக் கேட்டார். கூட இருந்த மாணவர்கள் சிரித்தார்கள், பேராசிரியர் சிரிக்கவில்லை. தம் கல்லூரிக்குத் திரும்பிப் போய், உதவியாளர் ஒருவரிடம் அதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. அந்த விளைவு எந்த நிலையில் நிகழும், எதனால் நிகழும் என்று இயற்பியலாளர்கள் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். சோதித்துப் பார்ப்போம் என்று சொல்ல ஒருவர் அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால், அந்தப் பிள்ளை பள்ளி முடியும் வரை கேலிப்பெயரோடு மட்டுமே இருந்திருப்பார்.

பாடப்பகுதியை முடிக்க வேண்டும், நேரம் இல்லை என்பார்கள். ஆசிரியர்களின் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. விடைத்தாள் கட்டுகளை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போவதைக் கண்ணால் பார்க்கிறேன். எல்லாக் கேள்விக்கும் உடனே விடை வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. "எனக்கும் தெரியவில்லை, பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்ட மாணவன் அன்றிரவு தானே தேட ஆரம்பித்துவிடுவான். அதற்கு மாறாக, கேள்வி கேட்பதே ஒழுங்குக் குறைவு என்பதுபோல வகுப்பின் முன் நிறுத்திக் கூனிக் குறுக வைக்கிறீர்களே, அதை யார் ஈடு செய்வது? என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சென்ற ஆண்டு வரை நாளுக்கு ஒரு கேள்வி கேட்டவன். பகலில் நிலா தெரிகிறதே எப்படி என்று கேட்டு ஒருமுறை எல்லாரும் சிரித்த பிறகு, அவன் வாயே திறப்பதில்லை. வினா-விடைப் புத்தகத்தில் கோடு போட்டு மனப்பாடம் செய்கிறான். என்னைவிட அதிக மதிப்பெண்ணும் வாங்குகிறான். போன வாரம் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது, சூரியன் மறைவதற்கு முன்பே கிழக்கே ஏறிவிட்ட நிலாவை நான் காட்டினேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு நாளைக்கு ஆசிரியர் அறைக்குப் போகப் போகிறேன். பாடநூலின் அந்த இரண்டு பக்கங்களையும் திறந்து பக்கத்தில் வைத்து, எது சரி என்று பணிவாகத்தான் கேட்பேன். மதிப்பெண்ணைத் திருப்பித் தரச் சொல்லப்போவதில்லை. என்ன பதில் வந்தாலும், அடுத்த தேர்விலும் பைக்குப் பக்கத்தில் அலைக்குறியைத்தான் போடுவேன். அரை மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளட்டும்.